கழிவு மீன் குவியலில் விலங்குலகம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

துளையுடலிகள், குழியுடலிகள், தட்டைப்புழுக்கள், உருளைப்புழுக்கள் என்று ஒரு காலத்தில் வரிசையாக ஒப்பித்து, பரீட்சை எழுதி, அடுத்த வாரமே மறந்து போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் அப்படித்தான். நான் படித்தது வணிகவியல். தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை கடற்கரைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான், அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொன்றும் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய, நாற்றமடிக்கிற, வழுக்குகிற ஒரு உடம்பு என்பதே உறைத்தது.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் கடைசியில் வரட்டும். உடம்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கப் பழகினால் எந்த விலங்கு கிடைத்தாலும் அதன் தொகுதியை, அதாவது ஒரே மாதிரி உடற்கட்டு உள்ள பெருங்கூட்டத்தை, ஓரளவு சொல்லிவிடலாம், பெயரை வைத்துக்கொண்டு போனால், அதிலும் தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு போனால், ஏமாந்துதான் திரும்ப வேண்டும். நட்சத்திர மீன் மீன் இல்லை. ஜெல்லி மீனும் இல்லை. ஆனால் கடல் குதிரை மீன்தான். கடல் அட்டைக்கும் காலில் ஒட்டி ரத்தம் குடிக்கும் அட்டைக்கும் சம்பந்தமே கிடையாது. கடல் பசுவுக்கு, அதாவது ஆவுளியாவுக்கு, நெருங்கிய உறவு மாடு இல்லை, யானை. கடல் பாம்பு மட்டும் நிஜமாகவே பாம்பு, அதனால் அதைத் தொடாதீர்கள்.

எங்கே போவது, எப்போது போவது

தோட்டத்தில் தொடங்கலாமே என்று கேட்பீர்கள். தொடங்கலாம், ஆனால் சீக்கிரம் அலுத்துவிடும். எறும்பு, சிலந்தி, பூரான், மண்புழு, நத்தை, ஓணான், காக்கை என்று எவ்வளவு அலைந்தாலும் வெறும் கண்ணுக்குச் சிக்குவது நாலே நாலு தொகுதிகள்தான். விலங்குலகத்தில் முப்பதுக்கு மேல் தொகுதிகள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை கடலிலேயே தோன்றி அங்கேயே தங்கிவிட்டவை. நட்சத்திர மீனின் கூட்டமான முட்தோலிகளில் ஒன்றுகூட இன்றுவரை கரையேறவில்லை, ஆற்றுக்குக்கூட வரவில்லை. உடம்பு காய்ந்து போகாமல் காப்பது அவ்வளவு கஷ்டமான வேலை.

ஆகவே மீன்பிடித் துறைமுகம். காசிமேடு, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி, எது பக்கமோ அது. இழுவலை போடும் விசைப்படகு கடலின் அடித்தரையையே சீவிக்கொண்டு வரும், அந்த முறை கடலுக்குச் செய்கிற கேடு வேறு கதை, ஆனால் நல்ல மீனைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சி, கருவாட்டுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிற கழிவு மீன் குவியலைப் போல ஒரு பாடப்புத்தகத்தை நான் பார்த்ததில்லை. படகு திரும்பும் நேரம் ஊருக்கு ஊர் மாறும், ஒருநாள் முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது போனால் கட்டிப்போட்ட படகுகளைத்தான் பார்க்க முடியும்.

ஏலம் நடக்கும்போது குறுக்கே போய் நிற்காதீர்கள். முடிந்ததும் "அண்ணே, இந்தக் கழிவுல கொஞ்சம் பாத்துக்கலாமா, எடுத்துட்டுப் போகல" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. சொல்லப்போனால் அவர்களே நாலு விநோதங்களைத் தனியாக எடுத்து வைத்துக் காட்டுவார்கள்.

துறைமுகம் தூரம் என்றால் பாறைக்கரை. மாமல்லபுரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி மாதிரி இடங்கள். நம் கரையில் ஏற்ற வற்றத்துக்கு இடையே உயர வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுக்குள்தான், அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும் நேரத்தைப் பார்த்துப் போக வேண்டும்.

எடுத்துப் போக வேண்டியவை: ஒரு வெள்ளைத் தட்டு, சின்ன வாளி, பழைய டூத் பிரஷ், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், தடித்த ரப்பர் கையுறை, பென்சில். பேனா வேண்டாம், மை கரைந்துவிடும். உயிரோடு இருப்பதைக் கடல் தண்ணீரில் மட்டும் வையுங்கள், பைப் தண்ணீரில் போட்டால் செத்துவிடும்.

சட்ட விஷயமும் இருக்கிறது. கடல் அட்டை, கடல் குதிரை, பவளம், சில சங்கு வகைகள் எல்லாம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை, செத்துக் கிடந்ததுதானே என்று பையில் போட்டுக்கொண்டு போனாலும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பாருங்கள், படம் எடுங்கள், திரும்ப வையுங்கள்.

முதல் கேள்வி: இதை எப்படி வெட்டலாம்?

நிஜமாக வெட்ட வேண்டாம், மனதில் வெட்டினால் போதும். ஆப்பத்தை நடு வழியாக எந்தத் திசையில் வெட்டினாலும் இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருக்கும். மீனை அப்படி வெட்ட முடியாது, தலையிலிருந்து வால் வரை ஒரே ஒரு கோட்டில் வெட்டினால்தான் இடதும் வலதும் ஒத்துப்போகும். ஆப்ப ரகத்துக்கு ஆரச் சமச்சீர் என்று பெயர், மீன் ரகத்துக்கு இருபக்கச் சமச்சீர். எப்படி வெட்டினாலும் ஒத்துப்போகாத ரகமும் உண்டு.

மூன்றாவது ரகம் கையில் வந்தால் பெரும்பாலும் கடற்பஞ்சு. வாய் கிடையாது, வயிறு கிடையாது, நரம்பு கிடையாது. உடம்பெல்லாம் ஓட்டை, அதன் வழியே தண்ணீர் உள்ளே போய் வெளியே வரும், வடிகட்டியதுதான் சாப்பாடு. லென்ஸ் வைத்துப் பாருங்கள், சின்னச் சின்ன ஓட்டைகளும் ஒன்றிரண்டு பெரிய வாய்களும் தெரியும். வெறுங்கையால் தேய்க்காதீர்கள், சிலவற்றின் கண்ணாடித் தூள் போன்ற முள் தோலில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும்.

ஆப்ப ரகம் என்றால் குழியுடலி. சொறி என்று மீனவர்கள் சொல்லும் ஜெல்லி, கடல் சாமந்தி, பவளம். மூன்றுக்கும் ஒரே கட்டுமானம்: ஒரு பை, அதற்கு ஒரே வாசல், சாப்பாடு போவதும் அதே வழி, கழிவு வருவதும் அதே வழி, வாசலைச் சுற்றிக் கொட்டும் செல்கள் நிறைந்த கைகள். ஜெல்லியைக் கவிழ்த்துப் போட்டால் சாமந்தி, சாமந்தி தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கிண்ணம் கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வாழ்ந்தால் பவளம், கிட்டத்தட்ட இவ்வளவுதான் என்று பிள்ளைகளிடம் சொல்லுவேன். கொஞ்சம் அநியாயமான சுருக்கம், ஆனால் மறக்காது.

நீல நிறத்தில், காற்றடைத்த பலூன் மாதிரி ஒன்று கரை ஒதுங்கிக் கிடந்தால் மட்டும் குனிந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீலக் குப்பி. செத்து மணிக்கணக்கான பிறகும் அதன் இழைகள் கொட்டும். ஒருமுறை செருப்பில் ஒட்டியிருந்த இழையைத் தெரியாமல் விரலால் எடுத்துவிட்டு, வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீரால் கழுவுங்கள், மூச்சு வாங்கினால் நேராக மருத்துவமனை. இதில் இன்னொரு வேடிக்கை, அது ஒற்றை விலங்கு இல்லை. மிதக்க ஒருவர், கொட்ட ஒருவர், செரிக்க ஒருவர், குட்டி போட ஒருவர் என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு ஒட்டியே வாழும் கூட்டுக் குடும்பம்.

இரண்டாவது கேள்வி: இது கணுவா, தசையா, முள்ளா, முதுகெலும்பா?

இதற்குத் துறைமுகத்தைவிட உங்கள் அடுப்படி வசதி. ஒரு கால் கிலோ இறால், ஒரு கணவாய், ஏதாவது ஒரு மீன் வாங்கி வாருங்கள். மதியம் குழம்பு வைத்துவிடலாம், ஒன்றும் வீணாகாது.

இறாலைத் தட்டில் வைத்து உறுப்புகளை ஒவ்வொரு ஜோடியாகப் பிடுங்கி வரிசையாக அடுக்குங்கள். நீள மீசை, குட்டி மீசை, தாடை, வாய்க்கருகே உணவைத் தள்ளும் குட்டிக் கால்கள், நடக்கும் கால்கள் ஐந்து ஜோடி, வயிற்றடியில் நீந்தும் துடுப்புகள், கடைசியில் வால் விசிறி. பொறுமையாக எடுத்தால் மொத்தம் 19 ஜோடி வரும். அடுக்கி முடித்துவிட்டுத் தட்டை ஒருமுறை பார்த்தால் கணுக்காலிகளின் ரகசியமே தெரிந்துவிடும்: ஒரே அச்சில் வார்த்த உறுப்பு, ஒரு கணுவில் மீசை, ஒரு கணுவில் தாடை, ஒரு கணுவில் கால். இந்த அச்சை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் நண்டும் தேளும் மரவட்டையும் கொசுவும் வந்தன. பூச்சிகளில் மட்டும் பெயர் சூட்டப்பட்டவை சுமார் 10 லட்சம், அதில் வண்டுகளே மூன்றரை லட்சத்துக்கு மேல். முதுகெலும்பு உள்ளவை எல்லாவற்றையும், மீன் தவளை பாம்பு பறவை மனிதன் எல்லாவற்றையும், சேர்த்தாலும் லட்சத்தைத் தொடாது.

இப்போது இறாலின் முதுகைக் கீறி அந்தக் கறுப்பு நரம்பை எடுங்கள். எல்லோரும் நரம்பு என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது குடல். உண்மையான நரம்பு வடம் அடிப்பக்கம், கால்களுக்கு நடுவே, வெளுத்த நூல் மாதிரி ஓடும். பக்கத்தில் மீனைப் பிளந்து பாருங்கள். அப்படியே தலைகீழ்! குடல் வயிற்றுப் பக்கம், தண்டுவடம் முதுகுப் பக்கம். 1822இல் பிரான்சில் ழோஃப்ருவா சேன்-இலேர் என்பவர் ஒரு சிங்கி இறாலை மல்லாக்கப் போட்டுப் பார்த்துவிட்டு, முதுகெலும்பிகள் என்பவை கவிழ்ந்து கிடக்கும் கணுக்காலிகளோ என்று எழுதினார். ஊரே சிரித்தது. 1990களில் ஈயிலும் தவளையிலும் எது முதுகு, எது வயிறு என்று தீர்மானிக்கும் மரபணுக்களை ஒப்பிட்டபோது இரண்டிலும் அதே மரபணுக்கள், திசை மட்டும் தலைகீழ் என்று தெரிந்தது. அவர் சொன்னது முழுக்கச் சரி என்று இல்லை, ஆனால் சிரித்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள்.

அடுத்து கணவாய். எலும்பு இல்லை, கணு இல்லை, முழுக்கத் தசை. மெல்லுடலி. சுத்தம் செய்யும்போது உள்ளே கண்ணாடித் தாள் போல ஒரு நீளமான தகடு வரும், ஓட்டுக் கணவாய் என்றால் வெள்ளை ஓடு, நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பார்களே, அதுதான். இரண்டுமே, நத்தைக்கு வெளியே இருக்கும் அதே ஓடு உள்ளே போய்ச் சுருங்கியது. நத்தை, மட்டி, சிப்பி, சங்கு, கணவாய், பேய்க்கணவாய் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். முகத்தில் ஒற்றுமையே இல்லாத குடும்பம். உடலைப் போர்த்தும் மேலங்கி போன்ற தோல், அதன் உள்ளே செவுள், இடம்பெயரத் தசைப் பாதம், இந்த மூன்றைத் தேடுங்கள். கணவாயில் பாதம்தான் கைகளாகப் பிரிந்துவிட்டது. இதயம் மூன்று, ரத்தம் நீலம். மைப் பையை உடைக்காமல் எடுப்பது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை.

பாறைக்கரையில் கூம்பு வடிவச் சங்கு உயிரோடு கிடைத்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கையில் எடுக்காதீர்கள். விஷ ஊசி வைத்திருக்கிறது, சில வகைகள் ஆளையே கொல்லும்.

புழுக்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன், அவற்றைக் குவியலில் தேடுவது புதியவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். வளையம் வளையமாக இருந்தால் வளைதசைப் புழு, மண்புழுவின் கடல் பங்காளிகள். புழுவைவிட அது கட்டிய வீடுதான் சுலபமாகக் கிடைக்கும்: சங்குகளின் மேல் ஒட்டியிருக்கும் வளைந்த வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய்கள், கிளிஞ்சல் துண்டுகளை ஒட்டி ஒட்டிக் கட்டிய தோல் குழாய்கள்.

முள் தோலிகளுக்கு ஐந்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். நட்சத்திர மீனுக்கு ஐந்து கை. நடுவில் ஐந்திதழ்ப் பூ அச்சடித்த வெள்ளை வில்லை ஒன்று மணலில் கிடைக்குமே, அதுவும் இதே கூட்டம். கடல் அட்டை வெள்ளரிக்காய் மாதிரி நீட்டிப் படுத்திருந்தாலும் அதன் நீளவாக்கில் ஐந்து வரிசை உண்டு. நட்சத்திர மீனைக் கடல் தண்ணீரில் மல்லாக்கப் போட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். நூற்றுக்கணக்கான குட்டிக் குழாய்க் கால்கள் நீண்டு துழாவும், அவை தசையைவிடத் தண்ணீர் அழுத்தத்தை நம்பி ஓடுகிற கால்கள், அப்புறம் ஒரு கை தரையைப் பிடிக்கும், மெல்லத் தன்னைத் திருப்பிக்கொள்ளும்.

கடைசியாக மீன். எலும்பு மீனுக்குச் செவுள்களின் மேல் ஒற்றை மூடி, சுறாவுக்குப் பக்கவாட்டில் பொதுவாக ஐந்து திறந்த பிளவுகள், திருக்கைக்கு அதே பிளவுகள் வயிற்றுப் பக்கம். சுறாவிலும் திருக்கையிலும் எலும்பே இல்லை, எல்லாம் குருத்தெலும்பு. திருக்கை வால் முள்ளும் கெளுத்தி முள்ளும் செத்த பிறகும் குத்தும், கையுறை அதற்குத்தான்.

ஏமாறும் இடங்கள்

படகின் அடியிலும் பாறையிலும் எரிமலை வாய் போலக் குட்டிக் குட்டியாக ஒட்டியிருக்கும் கொட்டலசைப் பார்த்தால் எல்லோரும் சிப்பி இனம் என்றுதான் சொல்வார்கள். பெரிய விலங்கியலாளரான குவியேவே மெல்லுடலிகளோடுதான் சேர்த்து வைத்திருந்தார். 1830இல் அதன் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்த பிறகுதான், இறால் குஞ்சு போலவே நீந்தித் திரிந்துவிட்டு, தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, ஓடு கட்டி உட்கார்ந்துவிடும் கணுக்காலி என்று தெரிந்தது. உயிரோடு இருப்பதைக் கடல் தண்ணீரில் வைத்து லென்ஸால் பாருங்கள், உள்ளிருந்து இறகு போலக் கால்கள் வந்து வந்து வீசும். அவை கால்கள்தான், காலால் சாப்பாட்டை வாய்க்கு வாரிப் போட்டுக்கொள்கிறது. டார்வின் இந்தப் பிராணிக்காக 1846 முதல் 1854 வரை எட்டு வருடம் செலவழித்தார்.

இன்னொன்றில் நானே மாட்டியிருக்கிறேன். துறைமுகக் கயிற்றில் ஒட்டியிருந்த கொழகொழ உருண்டை ஒன்றைப் பிள்ளைகளிடம் காட்டி, கடற்பஞ்சு, விலங்குகளிலேயே எளிமையானது என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். பின்னாலிருந்து ஒரு பையன் அதை அழுத்தினான், அது என் கண்ணாடி மேல் சர்ரென்று தண்ணீர் பீய்ச்சியது. அசிடியன். இரண்டு துளை இருக்கும், ஒன்றில் தண்ணீர் உள்ளே, மற்றதில் வெளியே. இதன் குஞ்சு தவளைத் தலைப்பிரட்டை மாதிரி இருக்கும், வாலில் முதுகுநாண், அதாவது நம் கருவிலும் முதுகெலும்புக்கு முன்னால் தோன்றும் தண்டு, இருக்கும், 1866இல் ரஷ்யரான கொவலேவ்ஸ்கி இதைக் கண்டுபிடித்தார். வளர்ந்ததும் வாலையும் நாணையும் கரைத்துவிட்டுக் கயிற்றில் ஒட்டிக்கொள்கிறது. ஆக, அன்று குவியலில் கிடந்த இறால், கணவாய், நண்டு எல்லாவற்றையும்விட எனக்கு நெருங்கிய சொந்தம் அதுதான், நான்தான் அடையாளம் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

இதிலிருந்து ஒரு பழக்கம் எடுத்துக்கொள்ளுங்கள்: வளர்ந்த உருவத்தை மட்டும் நம்பாமல், குஞ்சு எப்படி இருக்கும் என்று தேடிப் படியுங்கள். நட்சத்திர மீனின் குஞ்சுக்கு இடது வலது உண்டு, ஆப்ப வடிவம் வளர்ந்த பிறகு வந்தது. அதனால்தான் அதை ஜெல்லியோடு சேர்க்க முடியாது.

சொந்தக்காரர்களை வரைவது

இப்போது நோட்டில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். பலர் இங்கே ஒரு ஏணி வரைவார்கள், கீழே கடற்பஞ்சு, உச்சியில் மனிதன். தமிழில் அந்த ஏணிக்குப் பழைய வேர் இருக்கிறது. தொல்காப்பிய மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்கியிருக்கிறார்கள். "நந்தும் முரளும் ஈரறிவினவே", "நண்டும் தும்பியும் நான்கறிவினவே". உரைகாரர்கள் சொல்லும்படி முதல் ஜோடி நத்தையும் சிப்பியும், இன்றைய கணக்கில் இரண்டும் மெல்லுடலிகள். அடுத்த ஜோடி இரண்டும் கணுக்காலிகள். புலன்களை எண்ணிப் போட்ட அடுக்கில் இது தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் நண்டையும் தும்பியையும் பக்கத்தில் வைத்த அந்தக் கண் எனக்குப் பிடித்திருக்கிறது. எறும்பை மூன்றறிவில் விட்டது மட்டும் இடிக்கிறது.

நீங்கள் வரைய வேண்டியது பங்காளி வரைபடம். கடற்பஞ்சு நமக்குப் பாட்டனார் கிடையாது, இன்று உயிரோடு இருக்கும் எதுவும் இன்னொன்றுக்குப் பாட்டனார் ஆக முடியாது. பாட்டனார் செத்துப் பல கோடி வருடம் ஆயிற்று, இருப்பவர்கள் எல்லாம் பங்காளிகள், எந்தத் தலைமுறையில் பாகம் பிரிந்தார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் பிரிந்தது யார் என்பதிலேயே சண்டை. கடற்பஞ்சு என்றுதான் வெகுகாலம் சொன்னார்கள். 2008இல் மரபணு ஆய்வு ஒன்று, பளபளக்கும் சீப்பு வரிசைகளால் நீந்தும் சீப்பு ஜெல்லிதான் என்றது, 2023இல் குரோமோசோம்களை ஒப்பிட்ட ஆய்வும் அதன் பக்கமே சாய்ந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை, பென்சிலில் போடுங்கள். அப்புறம் குழியுடலிகள். அதற்குப் பிறகு இடது வலது உள்ள பெருங்கூட்டம், அது இரண்டு பெரிய வீடாகப் பிரிகிறது. கருவில் முதலில் தோன்றும் துளை ஆசனவாய் ஆகி, வாய் பிறகு தனியாகத் திறக்கும் வீட்டில் முட்தோலிகளும், புழு போன்ற அரைநாணிகளும், நாமும் இருக்கிறோம் (அழகாக ஒன்றும் இல்லை, என்ன செய்வது). மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு மணலில் வாழும் ஒரு அரைநாணிப் புழுவைப் பார்க்கவே விலங்கியல் மாணவர்கள் காலங்காலமாக அங்கே போயிருக்கிறார்கள்.

மற்ற வீட்டில் மீதி எல்லோரும். அதிலும் இரண்டு கிளை: வளர்வதற்காகச் சட்டை உரிப்பவர்கள், உரிக்காதவர்கள். கணுக்காலிகளும் உருளைப்புழுக்களும் உரிப்பவர்கள். மெல்லுடலிகள், வளைதசைப் புழுக்கள், தட்டைப்புழுக்கள் இன்னொரு கிளை. பழைய பாடத்தில், மண்புழுவுக்கும் கணு மாதிரி வளையம் இருக்கிறதே என்று அதைப் பூச்சிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். 1997இல் மரபணுவை வைத்து இந்தச் சட்டை உரிக்கும் கூட்டத்தை முன்வைத்த பிறகு அது மாறிவிட்டது. உங்கள் தட்டுக்கே திரும்பி வந்தால், கணவாய்க்கு இறாலைவிட மண்புழு நெருக்கம்.

ஓரத்தில் வருடங்களைக் குறியுங்கள். 54 கோடி ஆண்டுகளுக்கு முன் கேம்பிரியன் காலம் தொடங்குகிறது, அதையொட்டிய சில கோடி ஆண்டுகளில் பெரும்பாலான தொகுதிகளின் புதைபடிவங்கள் பாறைகளில் தலைகாட்டிவிடுகின்றன. சீனாவின் செங்ஜியாங், கனடாவின் பர்ஜெஸ் பாறைகள் இதற்குப் பேர்போனவை. 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன் டிக்டாலிக், துடுப்புக்குள் கை எலும்பு வைத்திருந்த மீன், 2004இல் கனடாவின் வடகோடித் தீவு ஒன்றில் கிடைத்தது. 25.2 கோடி ஆண்டில் பேரழிவு, பழங்காலக் கடல் கணுக்காலிகளான டிரைலோபைட்டுகள் அதோடு சரி. 6.6 கோடி ஆண்டில் அடுத்த பேரழிவு, பறவைகளைத் தவிர மற்ற டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் போயின.

அம்மோனைட் எங்கே பார்ப்பது? வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள், உள்ளே சக்கரம் மாதிரித் தெரியும் சுருள் அம்மோனைட்டின் ஓடு, நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைப்பது, இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலில் நீந்திய கணவாயின் பங்காளி. அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புப் பாறையில் இன்னும் தாராளம். டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியில் அது கடல், இப்போது சிமெண்ட் சுரங்கம். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, சுத்தியலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

பெயர் வைக்கும் வேலை

இதற்கெல்லாம் பிறகுதான் பெயர். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படம் ஏற்றினால் உதவி கிடைக்கும், ஆனால் செயலி சொல்வதற்கு முன் உங்கள் தொகுதியை நோட்டில் எழுதிவிடுங்கள், அப்புறம் சரிபாருங்கள். தவறினால் எந்தக் கேள்வியில் தவறினீர்கள் என்று குறியுங்கள். என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்: "துறைமுகம், காலை 7. கட்டைவிரல் அளவு. சமச்சீர் தெரியவில்லை. கணு இல்லை. அழுத்தினால் தண்ணீர் வருகிறது. இரண்டு துளை. கடற்பஞ்சு என்று எழுதி அடித்துவிட்டேன்."

படம் எடுக்கும்போது அடிப்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். எல்லோரும் முதுகை மட்டும் எடுத்துவிட்டு, வாய் எங்கே, கால் எத்தனை என்று கேட்டால் விழிப்பார்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவும் தெரியும். அப்புறம் அந்தத் தட்டை அம்மா கண்ணில் படாத இடத்தில் வையுங்கள், மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் வாடை போகாது.